இலவசமா, காசு கட்டியா, கல்லூரிக் கணக்கா, சொந்த லேப்டாப்பா? கல்லூரி வேலைக்கு ஏஐ உதவியை எங்கிருந்து எடுப்பது

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சுயநிதிக் கல்லூரி ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவிப் பேராசிரியர், "சார், இலவசமா வர்றதே போதுமா, இல்ல மாசாமாசம் காசு கட்டணுமா?" என்றார். எங்கள் துறை அலுவலகத்தில் இருக்கும் அக்கா, உதவித்தொகைப் பட்டியலை ஏஐயில் போட்டு ஒழுங்குபடுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். மூன்றாவது ஆள் முனைவர் பட்ட ஆய்வாளர். தன் லேப்டாப்புக்குள்ளேயே ஏஐ ஓட்டலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அது நல்லதா என்பது அவர் சந்தேகம்.

மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் வேறு என்று ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று விளக்க முடியவில்லை, அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். எந்தக் கம்பெனியின் ஏஐ கெட்டிக்காரத்தனமானது என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை, அந்த வரிசை சில மாதத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கல்லூரியில் நம் மேசைக்கு வரும் தாள்களில் பெரும்பாலானவை நம்முடையவை கிடையாது. ஒரு பெண்ணின் அரியர் கணக்கு, ஒரு பையனின் சாதிச் சான்றிதழ், இன்னொருவரின் ஆய்வேட்டு வரைவு, இதெல்லாம் நம்பிக் கொடுத்தவை. அதைக் காப்பி செய்து ஒரு பெட்டியில் ஒட்டும்போது, அது எந்தப் பெட்டி என்பது அவர்களைத்தான் முதலில் பாதிக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

தாளில் யார் இருக்கிறார்கள்? பெயரும் பதிவு எண்ணும் மட்டும்தான் அடையாளம் என்று நினைத்துக்கொள்கிறோம். நாற்பது பேர் வகுப்பில் "முதல் பட்டதாரி, நான்கு அரியர், இரண்டாம் ஆண்டு நடுவில் ஹாஸ்டலை விட்டுப் போனவர்" என்று எழுதினால் பெயரே தேவையில்லை, அந்த வகுப்பில் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்த அபராதம் நிறுவனத்துக்குத்தான், ஆனால் யார் எங்கே ஒட்டியது என்ற விசாரணை வந்தால் நம் மேசைக்குத்தான் வரும்.

கீழே யார் கையெழுத்து? 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளை உண்மை என்று நம்பி நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள், நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். மெஷின் சொன்னது என்பது அங்கே பதிலாக ஏற்கப்படவில்லை. வருகைப் பதிவு குறைவுப் பட்டியல், அகமதிப்பீட்டு மதிப்பெண், பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றிலும் கீழே இருப்பது நம் கையெழுத்து.

சரிபார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? எழுதி வாங்க இரண்டு நிமிடம், சரிபார்க்க நாற்பது நிமிடம் என்றால் அது நாற்பத்திரண்டு நிமிட வேலை. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தமிழ் வருமா? இதில் இரண்டு சிக்கல். முதலாவது நம்முடையது: பல துறைகளில் பழைய வினாத்தாள்களும் சுற்றறிக்கைகளும் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் இருக்கின்றன. அதைக் காப்பி செய்து ஒட்டினால் "தமிழ்" என்ற சொல் ஆங்கில ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று போய் நிற்கும். சில ஏஐக்கள் அதையும் புரிந்துகொண்டதுபோலப் பதில் சொல்லும், அதுதான் ஆபத்து. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இரண்டாவது சிக்கல் மெஷினுடையது. அது எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கிறது, அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். தமிழுக்கு ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகள் வேண்டும். 2024 மே மாதம் சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ கம்பெனி புது மாடலை, அதாவது ஏஐயின் மூளை மாதிரியான பகுதியை, வெளியிட்டபோது காட்டிய மாதிரி வாக்கியத்தில் தமிழ் 116 டோக்கனிலிருந்து 35க்குக் குறைந்திருந்தது, அதே வாக்கியம் ஆங்கிலத்தில் 24தான். இடைவெளி சுருங்கியிருக்கிறது, போய்விடவில்லை. தமிழில் நீளமான கோப்பைக் கொடுத்தால் இலவச அளவு சீக்கிரம் தீர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

செலவு. மாதக் கட்டணம் கண்ணுக்குத் தெரியும். மற்றதை ஒவ்வொரு வழியின் கீழும் சொல்கிறேன்.

## வழி 1: சொந்த ஜிமெயிலில் இலவசக் கணக்கு

யார் பெயரும் இல்லாத வேலைக்கு இது தாராளமாகப் போதும். ஒரு யூனிட்டை ஒன்பது பீரியடாகப் பிரிப்பது, 2 மார்க் கேள்விகளுக்கு மாதிரி கேட்பது, கல்லூரித் தரமதிப்பீட்டுக்கு நாம் எழுதிய நாக் அறிக்கைப் பத்தியின் ஆங்கிலத்தைச் சீராக்குவது, வகுப்பில் சொல்ல ஓர் எளிய உதாரணம் தேடுவது, இதற்கெல்லாம் காசு கட்டத் தேவையில்லை என்பது என் அனுபவம்.

மறைந்திருக்கும் விலை நாம் ஒட்டும் தாள்தான். பல இலவசக் கணக்குகளில் நம் உரையாடலை மாடலைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்ளும் அமைப்பு ஆரம்பத்திலேயே ஆன் ஆகியிருக்கும். செட்டிங்ஸில் போய் நாம்தான் அணைக்க வேண்டும், சாட்ஜிபிடியில் அது டேட்டா கன்ட்ரோல்ஸ் என்ற பகுதியில் இருக்கிறது. தற்காலிக உரையாடல் என்ற வசதியைப் பயன்படுத்தினாலும் 30 நாள் வரை பிரதி வைத்திருப்பதாக அவர்களே சொல்கிறார்கள். கூகுளின் ஏஐயான ஜெமினியின் சாதாரணக் கணக்கில் சில உரையாடல்களை மனிதர்கள் படித்துப் பார்ப்பார்கள், அப்படிப் படித்தவற்றை நாம் அழித்தபிறகும் மூன்று ஆண்டு வரை வைத்திருப்பார்கள் என்பதும் அவர்கள் வெளியிட்ட குறிப்பிலேயே இருக்கிறது.

அழித்துவிட்டால் போயிற்று என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 2023 மார்ச் 20 அன்று ஒரு மென்பொருள் கோளாறால் சாட்ஜிபிடி பயனர்கள் சிலருக்கு மற்றவர்களுடைய உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. 2025இல் ஓப்பன்ஏஐ மீது நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தொடுத்த வழக்கில் அமெரிக்க நீதிமன்றம், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் பாதுகாத்து வைக்கச் சொல்லி உத்தரவிட்டது, அந்த உத்தரவு சில மாதங்கள் நடப்பில் இருந்தது. கம்பெனி வாக்குறுதியை மீறாமலே, நாம் அழித்தது அழியாமல் இருக்க முடியும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் 62 பேர் கொண்ட வகுப்பின் அகமதிப்பீட்டு மார்க்கை அப்படியே ஓர் இலவசக் கணக்கில் ஒட்டினேன். மூன்று தேர்வில் சிறந்த இரண்டின் சராசரி வேண்டும், அவ்வளவுதான். அட்டவணை அழகாக வந்தது. வரிசைகளை எண்ணினால் 61. ஒரே பெயரில் இரண்டு மாணவிகள், இனிஷியல் மட்டும் வேறு, அதில் ஒருத்தியை மெஷின் விழுங்கிவிட்டது. எண்ணிப் பார்த்ததால் பிழைத்தது. ஆனால் 62 பேருடைய பெயரையும் மார்க்கையும் யாரையும் கேட்காமல் வெளியே கொடுத்துவிட்டேன் என்பது அன்று இரவுதான் உறைத்தது, அதை எண்ணிப் பார்த்துச் சரிசெய்ய முடியவில்லை.

அதற்கப்புறம் நான் எண்களைக் கொடுப்பதில்லை, சூத்திரத்தைக் கேட்கிறேன். அதிலும் ஒரு பாடம் உண்டு. மூன்றையும் கூட்டி, குறைந்ததைக் கழித்து, இரண்டால் வகு என்று ஒரு சூத்திரம் கிடைத்தது. சரிதான் என்று தோன்றும். ஒரு தேர்வுக்கு வராதவருக்கு நாம் மார்க் இருக்கும் இடத்தில் "ஏபி" என்று போடுவோம் இல்லையா, எக்செல் அந்த எழுத்தைக் கண்டுகொள்ளாது, எழுதிய இரண்டில் குறைந்ததைக் கழித்துவிடும், அந்தப் பிள்ளைக்கு ஒரு தேர்வின் மார்க்கில் பாதிதான் வரும். ஐந்து பொய்ப் பெயர்கள் போட்டு, அதில் ஒருவரை ஆப்சென்ட் ஆக்கிச் சோதித்தபோதுதான் இது பிடிபட்டது. பொய்ப் பெயர்களில் சோதித்துவிட்டு, உண்மைப் பட்டியலில் நம் கையால் போடுவது, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

## வழி 2: காசு கட்டும் சொந்தக் கணக்கு

காசு கட்டினால் நம் தாள் பத்திரமாக இருக்கும் என்ற நினைப்பு பலரிடம் இருக்கிறது. அது தப்பு. சாட்ஜிபிடியில் கோ, பிளஸ் போன்ற தனிநபர் திட்டங்களுக்கும் இலவசக் கணக்குக்கும் பயிற்சி விஷயத்தில் ஒரே ஏற்பாடுதான், அணைத்தால் அணையும், அணைக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும். நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் விற்கும் திட்டங்கள்தான் வேறு. ஆந்த்ரோபிக் கம்பெனியின் ஏஐயான கிளாட் 2025 ஆகஸ்டில் தன் தனிநபர் விதிகளை மாற்றியது. வேண்டாம் என்று சொல்லாதவர்களின் உரையாடலைப் பயிற்சிக்கு எடுக்கும், அப்படி எடுத்ததை ஐந்து ஆண்டு வரை வைத்திருக்கும். காசு கட்டுபவர்களும் இதில் அடக்கம். ஒருமுறை பார்த்து வைத்த விதி அடுத்த வருடமும் அப்படியே இருக்காது, எந்தக் கம்பெனியானாலும்.

காசுக்குக் கிடைப்பது என்னவென்றால் பெரிய கோப்பு, நீண்ட உரையாடல், மதியம் மூன்று மணிக்கு "அளவு முடிந்தது" என்று சொல்லாமல் இருப்பது. நிரல் எழுதுபவர்கள், தங்கள் சொந்தக் கட்டுரையைத் திரும்பத் திரும்பத் திருத்துபவர்கள், புதுப் பாடத்திட்டத்துக்குப் பாடக்குறிப்பு தயாரிப்பவர்கள் இவர்களுக்குப் பிரயோஜனம் உண்டு. வாரத்துக்கு இரண்டு கடிதம் எழுதுபவருக்குத் தேவையில்லை.

2025இல் நம் நாட்டில் இலவசச் சலுகைகள் மழையாகக் கொட்டின. ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்ஸிட்டி என்ற தேடல் ஏஐ ஒரு வருடம், மாணவர்களுக்கு ஜெமினி ஒரு வருடம், நவம்பர் 4 முதல் சாட்ஜிபிடி கோ ஒரு வருடம். அப்போது கோவின் மாத விலை 399 ரூபாய். இந்த மாதிரிச் சலுகையில் சேரும்போது கார்டோ யுபிஐயோ கொடுத்திருந்தால் வருடம் முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், ஆட்டோபே தானாக எடுக்க ஆரம்பித்துவிடும். அதைவிடப் பெரிய செலவு பழக்கம். ஒரு வருடம் எல்லாக் கோப்பும் அதற்குள் போனபிறகு வெளியே வருவது கஷ்டம்.

## வழி 3: கல்லூரி ஐடியில் வரும் கணக்கு

தமிழ்நாட்டில் நிறையக் கல்லூரிகளில் கொரோனா காலத்தில் வாங்கிய கூகுள் கல்விக் கணக்கோ மைக்ரோசாஃப்ட் கணக்கோ இன்னும் இருக்கிறது. கிளாஸ்ரூமுக்கும் மீட்டுக்கும் பயன்படுத்திவிட்டு மறந்துவிட்டோம். அதே ஐடியில் ஜெமினியும், நாம் ஏற்றும் கோப்புகளை வைத்துப் பதில் சொல்லும் நோட்புக்எல்எம்மும் இப்போது கல்வி ஒப்பந்தத்துக்குள் வருகின்றன. அந்த உரையாடலை மனிதர்கள் படிப்பதில்லை, பயிற்சிக்கு எடுப்பதில்லை என்பது ஒப்பந்தத்தின் பகுதி. மைக்ரோசாஃப்ட் வேலை ஐடியில் கோபைலட்டைத் திறந்தால் கேடயக் குறி ஒன்று தெரியும், அதுவும் இதே மாதிரியான பாதுகாப்பின் அடையாளம். கல்லூரி ஐடி இருந்தும் யாரும் இதைத் தொடாமல், எல்லோரும் சொந்த ஜிமெயிலில் கல்லூரி வேலை பார்ப்பதைக் காணும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இங்கேயும் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கல்லூரி மெயிலைக் கொடுத்து வேறொரு ஏஐ தளத்தில் பதிவு செய்வது கல்லூரிக் கணக்கு ஆகாது. கல்லூரி ஒப்பந்தம் போட்டது கூகுளோடு, நீங்கள் நுழைந்தது வேறொருவர் வீட்டுக்குள், சாவிதான் கல்லூரியுடையது. ரொம்பப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

இரண்டாவது, ஐடியை நிர்வகிப்பவர் கல்லூரியில் உட்கார்ந்திருக்கிறார். நிர்வாகத்தைப் பற்றிய புகார்க் கடிதத்தையோ வேறு வேலைக்கான விண்ணப்பத்தையோ இதில் எழுதாதீர்கள், நிர்வாகிக்குப் பதிவுகளை எடுக்கும் அதிகாரம் இருக்கலாம். கல்லூரியை விட்டுப் போகும் நாளில் கணக்கும் போய்விடும், உங்கள் பாடக்குறிப்புகளுக்கு வேறிடத்தில் பிரதி வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். ஒப்பந்தம் இருக்கிறது என்பதற்காக எல்லாத் தாளையும் ஒட்டலாம் என்று ஆகிவிடாது. உள்ளகப் புகார்க் குழுவுக்கு வந்த மனு, ராகிங் புகார், நடக்கப்போகும் தேர்வின் வினாத்தாள், இந்த மூன்றும் கல்லூரிக் கணக்கிலும் கூடாது. பாலியல் துன்புறுத்தல் புகாரின் விவரம் வெளியே தெரியக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மதிப்பாய்வுக்கு வந்த ஆய்வுக்கட்டுரையையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும், எல்செவியர் போன்ற பதிப்பகங்கள் மதிப்பாய்வாளர்கள் அதை ஏஐயில் ஏற்றக் கூடாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. அது எழுதியவரின் பல வருட உழைப்பு, வெளிவரும்வரை இரகசியம்.

கல்லூரியில் இந்த வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று சிஸ்டம் அட்மினிடம் ஒரு வரி கேட்டால் தெரிந்துவிடும். ஒன்றிய நிதி அமைச்சகம் 2025 ஜனவரியில் தன் ஊழியர்களிடம், அலுவலகக் கணினியில் சாட்ஜிபிடி, டீப்சீக் மாதிரியானவற்றைத் தவிர்க்கச் சொன்னது. கல்லூரிகளில் பலவற்றில் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் கடைசியில் மாட்டுவது இளைய ஆசிரியரும் அலுவலக ஊழியரும்தான். துறைக் கூட்டத்தில் அரைப்பக்க விதி எழுதி மினிட்ஸில் ஏற்றிவிடுங்கள், அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

## வழி 4: நம் கணினிக்குள்ளேயே ஓடும் மாடல்

ஓலாமா, எல்எம் ஸ்டூடியோ போன்ற மென்பொருளை நிறுவி, ஜெம்மா, லாமா, க்வென் போன்ற திறந்த மாடல் ஒன்றை இறக்கிக்கொண்டால் இன்டர்நெட் இல்லாமலே ஏஐ ஓடும். தாள் அறையை விட்டு வெளியே போகாது. நேர்காணல் எடுத்து ஆய்வு செய்பவர்களுக்கு, அதாவது பேசியவரிடம் "உங்கள் பெயர் வெளியே வராது" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு, மற்ற மூன்றையும்விட இதுதான் பொருத்தம்.

விலை வேறு வடிவில் வரும். ஜெம்மா 3இன் 4பி மாடல் (பி என்பது பில்லியன், மாடலின் அளவைச் சொல்வது) இறக்க சுமார் 3 ஜிபி, 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் மெதுவாக ஓடும். 12பி மாடல் சுமார் 8 ஜிபி, அதற்கு 16 ஜிபி ரேமாவது வேண்டும், கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் ஒரு பக்கப் பதிலுக்குள் டீ குடித்துவிட்டு வரலாம். சின்ன மாடல்களின் தமிழ் பலவீனம். வாக்கியம் சரியாக இருப்பதுபோலவே போய் நடுவில் இல்லாத சொல்லைப் புனைந்துவிடும், விகுதி தப்பும். ஆங்கில நேர்காணலைச் சுருக்க உதவும், தமிழ்ச் சுற்றறிக்கை எழுத நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது என்பதால் பொய் சொல்லாது என்றும் நினைக்க வேண்டாம், இல்லாத மேற்கோளை இதுவும் கொடுக்கும்.

ஒரு சோதனை: இந்த மென்பொருட்கள் சிலவற்றில் இப்போது இன்டர்நெட் வழியாக ஓடும் பெரிய மாடல்களும் பட்டியலில் கலந்து வருகின்றன. முக்கியமான கோப்பைத் திறக்கும் முன் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் உள்ளே ஓடுகிறது. அப்புறம் அந்த லேப்டாப்புக்கே பாஸ்வேர்டு இல்லை, பென்டிரைவில் கோப்பு ஊர் சுற்றுகிறது என்றால் இவ்வளவு பாடுபட்டும் பலன் இல்லை.

## ஏஐயே வேண்டாத வேலைகள்

போனஃபைடு சான்றிதழ், ஃபீஸ் நினைவூட்டல், பெற்றோர் கூட்ட அழைப்பு, இவை மெயில் மெர்ஜில், அதாவது பட்டியலில் உள்ள பெயர்களை ஒரே கடிதத்தில் தானாக நிரப்பும் வேர்டு வசதியில், பத்து நிமிட வேலை, ஒவ்வொரு பெயரும் பிசகாமல் வரும். ஏஐயிடம் கொடுத்தால் அறுபது கடிதத்தையும் படித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வகை, மனிதர் எழுதியே தீர வேண்டியவை. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து மாணவர்கள் இறந்தார்கள். அடுத்த சில நாளில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவு தன் மாணவர்களுக்கு ஆறுதல் மின்னஞ்சல் அனுப்பியது, அதன் கடைசியில் இது சாட்ஜிபிடியின் உதவியோடு எழுதியது என்று சின்னக் குறிப்பு இருந்தது. மாணவர்கள் கொதித்துப்போனார்கள், நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. குறிப்புப் போட்டது நேர்மைதான். அந்தக் கடிதத்தில் மாணவர்கள் தேடியது தங்களை நினைத்து உட்கார்ந்து எழுதிய ஒருவரை, அவர் அங்கே இல்லை. நம் வகுப்பில் ஒரு பிள்ளை இறந்தால் அறிவிப்புப் பலகைக்குப் போகும் நான்கு வரியைத் தப்பும் தவறுமாக இருந்தாலும் நாமே எழுதுவோம்.

பரிந்துரைக் கடிதம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த மாணவியைப் பற்றி நமக்கு மட்டும் தெரிந்த மூன்று விஷயங்களை முதலில் நாம் எழுத வேண்டும், ஆய்வகத்தில் கெட்டுப்போன கருவியை அவள் எப்படிச் சரிசெய்தாள் என்கிற மாதிரி. பெயரையும் கல்லூரியையும் எடுத்துவிட்டு ஆங்கிலத்தை மட்டும் திருத்தச் சொல்லலாம். மூன்று விஷயம் தோன்றவில்லை என்றால், அந்தக் கடிதத்தை நாம் எழுதக் கூடாது.

## ஒரே பார்வையில்

| வேலை | எது பொருத்தம் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|
| பாடக்குறிப்பு, மாதிரிக் கேள்விகள் | இலவசக் கணக்கு | விடையை நாமே போட்டுப் பார்க்க வேண்டும் |
| நாக் அறிக்கை மொழித் திருத்தம் | கல்லூரிக் கணக்கு, இல்லாவிட்டால் இலவசம் | எண்களை மூலக் கோப்போடு ஒப்பிட வேண்டும் |
| மார்க், வருகைப் பதிவு | எக்செல், சூத்திரத்துக்கு மட்டும் ஏஐ | பெயரும் எண்ணும் வெளியே போகக் கூடாது |
| துறைக் கூட்ட மினிட்ஸ் | கல்லூரிக் கணக்கு | மாணவர் மீதான நடவடிக்கை இருந்தால் கையால் |
| நேர்காணல் எழுத்துவடிவம் | சொந்தக் கணினி மாடல் | கொடுத்த ஒப்புதலில் ஏஐ பற்றி இருக்கிறதா |
| சொந்த ஆய்வுக்கட்டுரை, நிரல் | காசு கட்டும் கணக்கு | ஒவ்வொரு மேற்கோளையும் திறந்து படிக்க வேண்டும் |
| வினாத்தாள், புகார் மனு, மதிப்பாய்வு | எதுவும் வேண்டாம் | விதிவிலக்கு இல்லை |

## மாணவர் அசைன்மென்டை ஏஐ எழுதியதா என்று பார்க்கும் கருவிகள்

இதையும் ஒரு வழியாக நினைத்துப் பலர் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவி விட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று தப்பாகச் சொன்னது, அந்த ஜூலையிலேயே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல், 61 சதவீதம், ஏஐ எழுதியது என்று வந்தது. நம் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதானே. தமிழ் மீடியத்தில் படித்து வந்து, மனப்பாடமான எளிய வாக்கியங்களில் கஷ்டப்பட்டு எழுதும் பிள்ளையைத்தான் இந்தக் கருவி முதலில் குற்றவாளியாக்கும். மேலும் பெயர் தெரியாத இலவசத் தளத்தில் அவர்களுடைய எழுத்தை ஒட்டுவதும் பிறர் தாளைக் கேட்காமல் கொடுப்பதுதான்.

கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசினால் போதும். "இந்த இரண்டாவது பத்தியை உன் வார்த்தையில் சொல்லு" என்றால் தெரிந்துவிடும். அறுபது பேருக்கு முடியாது என்பது உண்மை, சந்தேகம் வருகிற ஆறு பேருக்கு முடியும்.

## அந்த மூன்று பேருக்கும் சொன்னது

உதவிப் பேராசிரியரிடம் காசு கட்ட வேண்டாம் என்றேன். அவருக்குக் கல்லூரி ஐடி இருக்கிறது, ஒரு செமஸ்டர் அதை வைத்துப் பார்க்கட்டும், சொந்த ஜிமெயிலைக் கல்லூரி வேலையிலிருந்து பிரித்துவிடட்டும். திரையின் மேல் மூலையில் இருக்கும் வட்டத்தில் எந்தப் படம், எந்த ஐடி என்று ஒட்டுவதற்கு முன் ஒருமுறை பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டும்.

ஆய்வாளருக்கு லேப்டாப் மாடல் சரியாக வரும், அவர் கையில் இருப்பது துப்புரவுத் தொழிலாளர்களின் நேர்காணல்கள். ஆனால் இலக்கிய மதிப்பாய்வை, அதாவது முன்பு வந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதும் பகுதியை, ஏஐயிடம் விட வேண்டாம் என்று சொன்னேன். கருத்துத் திருட்டைத் தடுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதியில், பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்பதை வைத்துக்கொண்டு ஒப்புமைச் சதவீதத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஏஐ புனைந்த மேற்கோளுக்கு ஒப்புமை பூஜ்யமாகத்தான் வரும். வாய்மொழித் தேர்வில் ஒருவர் அந்தக் கட்டுரையைக் கேட்டால் கையில் இருக்காது.

அலுவலக அக்காவிடம் மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். புதுமைப் பெண் திட்டத்துக்கான பட்டியல், அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் போகும் கணக்கு. பெயர், ஆதார், வங்கி எண், ஐஎஃப்எஸ்சி எல்லாம் ஒரே தாளில். இதை எந்தப் பெட்டியிலும் ஒட்டக் கூடாது என்று இருவரும் முடிவு செய்தோம். சில மாணவிகளின் கணக்கு எண் பூஜ்யத்தில் முடிந்திருந்தது, பணம் திரும்பி வருவது அதனால்தானோ என்று அக்காவுக்குச் சந்தேகம். ஏஐயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: 16 இலக்க எண்ணை எக்செல்லில் அடித்தால் கடைசி இலக்கம் ஏன் பூஜ்யமாகிறது? எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணாக வைத்துக்கொள்ளும், அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்ற வேண்டும் என்று பதில் வந்தது. மாற்றினோம். போன இலக்கம் அதனால் திரும்பாது, அதனால் பாஸ்புக் நகல்களை எடுத்து வைத்துக்கொண்டு, நான் வாசிக்க அக்கா அடிக்க, பன்னிரண்டு கணக்குகளைத் திருத்தி முடிக்கும்போது மணி ஐந்தரை.